அமாவாசை பேக்கப்

எங்கள் கம்பெனியில் அமாவாசையன்று மெஷின் ஓடாது. கோயமுத்தூரில் பட்டறை வைத்திருக்கும் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அவசர வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமைகூட லேத்தைப் போட்டுவிடுவார்கள். அமாவாசையன்று ஸ்விட்சைத் தொட மாட்டார்கள். காலையில் முதலாளி வருவார், சூடம் காட்டுவார், கேட்டுக்கு முன்னால் பூசணிக்காயைச் சுற்றி உடைப்பார், கிளம்பிவிடுவார். அன்றைக்கு வேலை என்று வந்து உட்காரும் ஒரே ஆள் நான்தான். யாரும் கம்ப்யூட்டரில் எதையும் தொடாத நாள் அது ஒன்றுதான் என்பதால், பேக்கப் எடுக்கும் நாளாக அதையே வைத்துக்கொண்டிருந்தோம்.

ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது கம்பெனி. தண்ணீர் பம்ப் செய்கிறோம். நான் டிராயிங் செக்ஷன். செக்ஷன் என்றால் ஏதோ பத்துப் பேர் இருப்பதாக நினைக்க வேண்டாம், நான் ஒருத்திதான். நான் வரையும் டிராயிங் எல்லாம் என் மேஜைக் கம்ப்யூட்டரில் இருக்காது. மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது, அதற்குள்தான் இருக்கும். என் கம்ப்யூட்டரும் மேனேஜர் கம்ப்யூட்டரும் ஒயர் வழியாக அந்தப் பெட்டியில் இருப்பதைத் திறந்து பார்க்கும். சொந்தக் கம்ப்யூட்டரில் நகல் வைக்கக் கூடாது, பென் டிரைவ் கூடவே கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். முன்பு ஒருமுறை ஒரு டிராயிங் வெளியே போய், அதே பம்ப் வேறொரு பெயரில் கடைக்கு வந்துவிட்டதாம். அதிலிருந்து அப்படி.

அந்தப் பெட்டியில் ஓடுவது லினக்ஸ். காலேஜ் முடித்த பையன் ஒருவன் சில மாதம் எங்களிடம் இருந்தபோது அமைத்துக் கொடுத்துவிட்டு பெங்களூர் போய்விட்டான். அதன்பிறகு அது என் தலையில் விழுந்தது. புத்தகம் பார்த்தும், இணையத்தில் தேடியும், தட்டித் தடவியும் அதோடு பழகிக்கொண்டேன். அதற்குள் எதையாவது மாற்றினால் என்ன மாற்றினோம் என்று தெரியும், சொல்லாமல் கொள்ளாமல் எதுவும் செய்யாது. அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. நன்றாக ஓடினால் "நம்ம சர்வர்" என்பார்கள். ஏதாவது மக்கர் செய்தால் "உங்க லினக்ஸ்" ஆகிவிடும்.

பெட்டியின் முன்பக்கம், மேசை டிராயர்போல் வெளியே இழுக்கக்கூடிய இரண்டு இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்ட் டிஸ்க். மேல் தட்டில் ஒன்று என்று ஸ்டிக்கர், அது தினசரி வேலைக்கு. கீழ்த்தட்டில் இரண்டு என்று ஸ்டிக்கர், அது பேக்கப். அமாவாசையன்று நான் ஒரு கட்டளை கொடுப்பேன். ஒன்றாம் டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ அப்படியே இரண்டாம் டிஸ்க்கும் ஆகிவிடும். புதிதாக வந்தது சேரும். ஒன்றில் இல்லாதது இரண்டில் இருந்தால் அழிந்துபோகும். மற்ற நாட்களில் அந்த இரண்டாம் டிஸ்க்கை யாரும் திறப்பதே இல்லை, நான் உட்பட.

அந்த வருஷம் புரட்டாசி அமாவாசை முடிந்த கையோடு ஒரு புதுப் பம்ப்பின் வேலை வந்தது. அடுத்த சீசனுக்கு அதை நம்பித்தான் கம்பெனியே இருந்தது. முதலாளி தினமும் என் மேஜைக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். உள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரின் இறக்கை வளைவு எனக்கு எளிதில் பிடிபடவில்லை. போட்டுப் போட்டு அழித்து, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அது கூடிவந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் பஸ் ஏறியது அபூர்வம். கிணத்துக்கடவில் வீடு வந்து சேரும்வரை அந்த வளைவு கண்ணுக்குள்ளேயே இருந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் முதலாளி ஒரு வேலையையும் ஆள் விட்டுச் செய்ய மாட்டார். தாராபுரம் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். வேட்டியை மடித்துக் கட்டி, பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக அவரே துடைப்பார். சந்தனம் வைப்பார், அதன்மேல் குங்குமம் வைப்பார். லேத், டிரில்லிங் மெஷின், எடை மெஷின், ஸ்பேனர், கதவுத் தாழ்ப்பாள்வரை விடமாட்டார். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஆபீஸ் ரூமுக்குள் போனார். நான் திரும்பி வந்தபோது கீபோர்டு, மௌஸ், மானிட்டர், கறுப்புப் பெட்டி எல்லாவற்றிலும் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டு. "நமக்குச் சோறு போடுறதுங்க அம்மணி" என்று சிரித்தார். நானும் கும்பிட்டுக்கொண்டேன். பொரி, சுண்டல் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

லீவு முடிந்து வந்து பெட்டியைப் போட்டால் கரகரவென்று சத்தம். போட்டதும் அணைந்துவிடுகிறது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். விசிறிக்குள் செவ்வந்தி இதழும் நாலைந்து பொரியும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தூரிகையால் தட்டி எடுத்து, உள்ளே உள்ள ஒயரையெல்லாம் ஒருமுறை அழுத்திவிட்டுப் போட்டேன், நன்றாக எழுந்துகொண்டது. அதோடு பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். என் மேஜைக்கு வந்து புதுப் பம்ப்பின் ஃபோல்டரைத் திறக்கப் போனேன். அந்த ஃபோல்டர் இல்லை.

பழைய பம்ப்புகள் எல்லாம் இருந்தன. புதுப் பம்ப் மட்டும் இல்லை. முதலில் பயப்படவில்லை. ஒயர் வழியாகப் பகிர்ந்துகொள்வதில் இப்படி ஏதாவது கோளாறு வரும். பகிர்வைக் கவனிக்கும் சாம்பா என்ற நிரலை நிறுத்தித் திரும்ப ஓட விட்டேன். அனுமதிகளைப் பார்த்தேன், சில சமயம் கோப்பு இருக்கும், நமக்குத்தான் காட்டாது. பிறகு நேராகப் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்து தேடினேன். வேறு பெயரில் இருக்கிறதா, வேறு ஃபோல்டருக்குள் விழுந்துவிட்டதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினேன். டிஸ்க்கில் பழுது இருக்கிறதா என்று சோதித்தேன், நலமாக இருக்கிறேன் என்றது. யார் யார் உள்ளே வந்தார்கள் என்ற பதிவில் என் கம்ப்யூட்டரும் மேனேஜர் கம்ப்யூட்டரும்தான் இருந்தன. வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று அது எழுதி வைப்பதில்லை.

பேக்கப்பை ஏன் பார்க்கவில்லை என்று யாரும் கேட்கலாம். கடைசி பேக்கப் எடுத்தது புரட்டாசி அமாவாசைக்கு. புதுப் பம்ப்பை நான் வரையத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். அதில் அது இருக்க வழியே இல்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலாளி மனைவியின் தம்பி. நல்ல மனிதர், கெட்ட மனிதர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஜாக்கிரதையான மனிதர். முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, எங்கியாவது மாத்தி வெச்சுப்போட்டீங்களா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"மாத்தி வெக்கலீங்க. எல்லாப் பக்கமும் தேடிட்டேன்."

"தப்பா நெனைச்சுக்காதீங்க. ஊட்டுல ஒக்காந்து வேலை செய்யலாம்னு எடுத்துட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லீங்க. சொல்லிப்போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் முன்புதான் கணபதி பகுதியில் இருக்கும் வேறொரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இது மேனேஜருக்குத் தெரியும், நானே இனிப்போடு சொன்ன விஷயம்.

"நான் எதுக்குங்க எடுக்கோணும்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அட, நீங்க எடுத்தீங்கன்னு ஆருங்க சொன்னா? ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதானுங்க" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

முதலாளியிடம் விஷயம் போயிற்று. அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. "போனாப் போச்சுங்க அம்மணி. மறுபடியும் போட்டுக்கலாமுங்க" என்றார். ஆனால் அதன்பிறகு என் மேஜைக்கு வந்து நின்று பார்ப்பதை நிறுத்திவிட்டார். அதுவரை "அம்மணி, இத பாருங்க" என்று உரிமையோடு கூப்பிட்டவர், ஏதாவது வேண்டுமென்றால் மேனேஜர் வழியாகச் சொல்லி அனுப்பினார். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு சௌகரியம் உண்டு. கோபம் வந்தால் மரியாதை கூடும். இரண்டு 'ங்க' போட்ட இடத்தில் நாலு போடுவார்கள். எதை வைத்து நாம் சண்டைக்குப் போவது?

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒருவரை மேனேஜர் கூட்டி வந்தார். அவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கறுப்புத் திரையும் எழுத்தும் மட்டும் இருப்பதைப் பார்த்தார். "மௌஸ் எங்கீங்க?" என்றார். இது லினக்ஸ் என்றேன். "நமக்கு விண்டோஸ்தானுங்க பழக்கம்" என்று எழுந்துகொண்டார். அதோடு போயிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். கதவருகில் நின்று, "ஆனா ஒண்ணுங்க, ஃபைலு தானா எங்கியும் போகாதுங்க. ஆராச்சும் டெலீட் பண்ணியிருந்தாத்தான் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றும் தெரியாதவன் சொன்னது என்று எனக்குத் தெரியும். மேனேஜர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இனி அந்தப் பெட்டிய நோண்ட வேண்டாங்க அம்மணி. அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றார் என்னிடம்.

மறுநாளிலிருந்து கேட்டில் பை சோதனை வந்தது. வாட்ச்மேன் வயதானவர், என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். "எல்லார்த்துக்கும்தானுங் கண்ணு, புதுசா சொல்லியிருக்காங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதல் இரண்டு நாள் லேத் ஆட்களின் சோற்றுத் தூக்குப்போசியைக்கூடத் திறந்து பார்த்தார். பிறகு அவர்கள் வண்டியை நிறுத்தாமல் போக ஆரம்பித்தார்கள். நான் மட்டும் நின்றேன். டிபன் பாக்ஸ், குடை, தலைவலி மாத்திரை, பஸ் சில்லறை. அவர் எதையும் தொடமாட்டார், எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு "போங் கண்ணு" என்பார். ஷிப்ட் விட்டுப் போகிறவர்கள் எல்லாம் என்னைக் கடந்து போவார்கள். அவமானத்தில் காது சூடாகிவிடும். டவுன் பஸ்ஸில் ஏறி உக்கடம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்வரை அந்தச் சூடு ஆறாது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். பிறகு, "ஏம்புள்ள, நெசமா உன்ற மெயிலுக்கு, போனுக்கு எதுவும் அனுப்பி வெக்கலையே? தெரியாத்தனமா?" என்றார்.

நான் சோற்றுப் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மேனேஜர் கேட்டதைவிட அது எனக்கு நூறு மடங்கு வலித்தது. அவர் பின்னாலேயே வந்து சமாதானம் சொன்னார். அவர் கம்பெனிக்கும் இந்தப் பேச்சு எட்டிவிட்டதாம், ஸ்டோர்ஸில் யாரோ சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். கோயமுத்தூரில் பம்ப் செய்கிறவர்கள் எல்லாம் ஒருவருக்கு ஒருவர் மாமன் மச்சான் முறை. இங்கே இருமினால் அங்கே கேட்கும். இந்தப் பெயரோடு நான் வேறு எந்தக் கம்பெனி படி ஏற முடியும்? வேலை போனால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. டிராயிங்கைத் திருடி விற்றவள் என்ற பேரோடு போகக் கூடாது.

புதுப் பம்ப்பை மறுபடியும் வரையத் தொடங்கினேன், புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு. உடம்பும் ஷாஃப்டும் வந்தன. இறக்கை வளைவு வரவில்லை. கண்ணுக்குள் இருந்தது எங்கோ போய்விட்டது. கோபத்தில் கோடு போட்டால் கோடு வராது என்பதை அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சேலை எடுக்கக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. கம்பெனி லீவு. முதலாளி வழக்கம்போல் பூஜைக்கு வந்தார், நான் வழக்கம்போல் பேக்கப்புக்கு வந்தேன். வழக்கம் இல்லாதபடி மேனேஜரும் வந்திருந்தார். ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "நீங்க செய்யுங்க அம்மணி, நான் சும்மா பாத்துட்டு இருக்கேனுங்க" என்றார். நான் கீபோர்டை வெடுக்கென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பயத்தால் இல்லை, ஆத்திரத்தால்.

நிஜமாகப் பேக்கப் எடுக்கும் முன் ஒத்திகை பார்ப்பது என் வழக்கம். அதற்கென்று ஒரு வசதி இருக்கிறது. எதை நகல் எடுக்கப் போகிறேன், எதை அழிக்கப் போகிறேன் என்று பட்டியல் போட்டுக் காட்டும், ஆனால் எதையும் செய்யாது. ஒத்திகைக் கட்டளையைக் கொடுத்து என்டரைத் தட்டினேன்.

திரையில் வரிசையாக எழுத்து ஓடியது. 'டிலீட்டிங்', 'டிலீட்டிங்', 'டிலீட்டிங்'. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கோப்பின் பெயர். புதுப் பம்ப்பின் உடம்பு. புதுப் பம்ப்பின் மூடி. புதுப் பம்ப்பின் இம்பெல்லர்.

மேனேஜர் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. "கைய எடு! எடு கைய!" என்று கத்தினார். அத்தனை நாள் கட்டிக் காத்துவந்த மரியாதை ஒரு நொடியில் போயிற்று. "மச்சான், இங்க வாங்க! என்ற கண்ணு முன்னாலயே அழிக்குது பாருங்க!"

முதலாளி கையில் சூடத்தட்டோடு கதவுக்கு வந்து நின்றார்.

நான் கையை எடுத்துவிட்டேன். ஆனால் எனக்கு அவர் கத்தியது சரியாகக் காதில் விழவில்லை. அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கப் போகிறேன் என்று சொல்கிறதே, இருப்பதைத்தானே அழிக்க முடியும்? அப்படியானால் அவை இருக்கின்றன. எங்கே? பேக்கப் டிஸ்க்கில். புரட்டாசி அமாவாசைக்குப் பிறகு யாருமே தொடாத டிஸ்க்கில், அதற்குப் பிறகு நான் வரைந்தது எப்படி வந்தது?

"இது ஒத்திகைங்க, எதையும் அழிக்கல" என்றேன். "சித்த நேரம் சும்மா இருங்க. ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. போயிராதீங்க."

இரண்டு டிஸ்க்கும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கின்றன என்று பெட்டியைக் கேட்டேன். ஒன்றாம் டிஸ்க் முதலில் வாங்கியது, இரண்டாவது பிற்பாடு வாங்கியது. ஒன்றுதான் அதிகம் ஓடியிருக்க வேண்டும். விடை தலைகீழாக வந்தது. பெட்டியை முறையாக அணைத்தேன். முன்பக்கத் தட்டுகள் இரண்டையும் வெளியே இழுத்து மேஜைமேல் வைத்தேன்.

இரண்டு தட்டின் முகப்பிலும் சந்தனம் காய்ந்து தடிமனாக ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம். பெட்டிக்கு வெளியிலிருந்து வைத்த பொட்டு என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் தட்டின் உள்பக்க ஓரங்களிலும் பனியன் வேஸ்ட்டின் நூல் சிக்கியிருந்தது. மேலே இருந்த தட்டின் சந்தனத்தை விரல் நகத்தால் சுரண்டினேன். அடியில் ஸ்டிக்கர். இரண்டு.

கீழே இருந்ததைச் சுரண்டினேன். ஒன்று.

ஆயுத பூஜையன்று முதலாளி ஒவ்வொரு தட்டையும் வெளியே எடுத்துத் துடைத்து, பொட்டு வைக்க வாகாக இருந்த இடத்தில் பொட்டு வைத்து, சாமிக்கு முன்னால் இலைமேல் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். பொட்டு வைக்க வாகாக இருந்த இடம் அந்த ஸ்டிக்கர்தான். திரும்பச் செருகும்போது எது மேலே எது கீழே என்று பார்க்க எண் தெரியவில்லை. பெங்களூர் போன பையனும் டிஸ்க்கின் அடையாளத்தை வைத்து எழுதாமல், மேல் இடம், கீழ் இடம் என்று இடத்தை வைத்து எழுதிவிட்டுப் போயிருந்தான். வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கதவு எண்ணைப் பார்த்துத் தபாலைப் போடுவதுபோல. அதனால் பேக்கப் டிஸ்க்கைப் பெட்டி அசல் என்று நினைத்துக்கொண்டது. நாங்கள் அத்தனை நாளும் புரட்டாசி அமாவாசையன்று எடுத்த நகலில் வேலை செய்துகொண்டிருந்தோம். அசல் கீழ்த்தட்டில் சும்மா கிடந்தது. ஒத்திகை பார்க்காமல் இன்றைக்கு நான் நேராக என்டரைத் தட்டியிருந்தால், அசலை என் கையாலேயே அழித்திருப்பேன். அதையும் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார்.

இதையெல்லாம் அவர்களுக்குப் புரியும்படி சொன்னேன். யார் எடுத்து வைத்தது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலாளி கையிலிருந்த தட்டில் சூடம் அணைந்துபோயிருந்தது. அவர் அந்தச் சந்தனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டையும் அதனதன் இடத்தில் செருகிப் பெட்டியைப் போட்டேன். இம்பெல்லரைத் திறந்தேன். இறக்கை வளைவு அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், முடியவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "அம்மணி, சாப்டீங்களா?" என்றார்.

அவ்வளவுதான். பிறகு வெளியே போய் காரிலிருந்து ஒரு இனிப்புப் பெட்டியை எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்தார். தீபாவளிக்கு எல்லோருக்கும் கொடுத்ததைவிடப் பெரிய பெட்டி. "சாமி காப்பாத்திக் குடுத்துதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் கேட்க விரும்பிய வார்த்தை அது இல்லை.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, நகலில் சேர்ந்திருந்த புது வேலையை அசலோடு சேர்த்தேன். பெட்டி இனி டிஸ்க்கை அதன் அடையாளத்தை வைத்தே கண்டுகொள்ளும்படி மாற்றி எழுதினேன். லேத் ஷாப்பில் கொடுத்து, வார்ப்புகளில் எண் அடிக்கும் பஞ்ச்சால் தட்டுகளின் இரும்பிலேயே ஒன்று, இரண்டு என்று ஆழமாக அடித்து வாங்கினேன். டிராயிங் கிடைத்துவிட்டது என்ற செய்தி ஷாப் முழுக்கப் போயிருந்தது. 'கெடச்சிருச்சாமே' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்கே இருந்தது, எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எடுத்துப் போய், பயந்து, திருப்பிக் கொண்டுவந்து வைத்தேன் என்றும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். சிலர் பண்ணிக்கொண்டார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

மேனேஜரிடம் போய் நின்றேன். "நான் எடுக்கலைன்னு எல்லார்த்துகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றேன்.

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டதுபோல் பார்த்தார். "அட, நீங்க எடுத்தீங்கன்னு ஆருங்க அம்மணி சொன்னா? ஒருத்தரும் சொல்லலைங்களே. சொல்லாததுக்குப் போயி நான் என்னங்க சொல்றது?"

அவர் சொன்னது பொய்யும் இல்லை. யாரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்று மறுப்பதற்கும் யாரும் வர மாட்டார்கள். என் இடத்துக்கு வந்து சாயங்காலம்வரை ஒரு கோடும் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஷிப்ட் விட்டது. கேட்டுக்கு வந்து, வழக்கம்போல் பையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

வாட்ச்மேன் இரண்டு கையையும் ஆட்டினார். "வேண்டாங் கண்ணு. உங்க பைய இனிமேப் பாக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. போங்க."

உங்க பை. எல்லோருடைய பையும் என்று சொல்லவில்லை.

நான் நகரவில்லை. பின்னால் லேத் ஆட்கள் வண்டியோடு வந்து நின்றார்கள். பாக்கிங்கில் வேலை செய்யும் பெண்கள் நின்றார்கள். நான் பையின் ஜிப்பை முழுவதும் இழுத்துத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"பாருங்க" என்றேன்.

"எதுக்குங் கண்ணு..."

"பாத்துட்டு, என்ன இருக்குதுன்னு சத்தமாச் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் தரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டியவர் அவர் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். குனிந்து பைக்குள் பார்த்தார். நிமிர்ந்து, எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்து, கரகரத்த குரலில் சொன்னார்.

"ஒண்ணும் இல்லீங்க. அம்மணி பையில ஒண்ணும் இல்லீங்க."